பணம் இல்லாத குறையும் யோசிக்காத குறையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ‘தி ஈவில் டெட்’ என்ற 1981-ஆம் ஆண்டு அமெரிக்கத் திகில் படத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேய் பிடிப்பதும், வெட்டிச் சாய்ப்பதும், செத்தவர் எழுந்து வருவதும் ஒன்றாகக் கலந்த குறைந்த செலவுப் படங்களுக்கு அதுதான் தாய்ப்படம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்தில் நன்றாக இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘குறைந்த செலவில் இவ்வளவு செய்தார்கள்’ என்றும், மோசமாக இருக்கிற எல்லாவற்றுக்கும் ‘குறைந்த செலவில் இவ்வளவுதான் முடியும்’ என்றும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் புதுக்கோட்டை வட்டாரத்து நாடக மேடைகளில் அடுத்தவர் முகத்துக்கு அரிதாரம் பூசியவன் நான். இந்தக் கணக்கை என்னால் அப்படியே விட முடியவில்லை.

முதலில் ஒரு திருத்தம். கதாநாயகன் ஆஷ் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு, அந்த மணிக்கட்டில் மரம் அறுக்கும் இயந்திர வாளைப் பொருத்திக்கொள்வதை இந்தப் படத்தில் வருவதாகக் கட்டுரை சொல்கிறது; அது 1987-இல் வந்த இரண்டாம் படத்தில். முதல் படத்தில் அவன் அந்த வாளை எடுக்கிறான். பேய் பிடித்து இறந்த காதலியின் உடலுக்கு மேல் பிடிக்கிறான். மனம் வராமல் கீழே வைத்துவிடுகிறான். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் புதைக்கிறான். இரண்டையும் குழப்பினால் முதல் படத்தில் இருக்கிற ஒரே மனிதத் தருணம் காணாமல் போய்விடும்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 1989 மாசியில். பொன்னமராவதிப் பக்கம் ஒரு கிராமத்தில் விடிய விடிய நாடகம் முடிந்திருந்தது. மறுநாளும் அதே ஊரில் நாடகம் என்பதால் அங்கேயே தங்கினோம். விழாக் கமிட்டியார் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மதியம் ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கி, இந்தக் கசெட்டைப் போட்டார்கள். அரை மணி நேரத்தில் எங்கள் பபூன் எழுந்து வெளியே போய்விட்டார். இரவெல்லாம் ஊரைச் சிரிக்கவைத்த மனிதர் திண்ணையில் உட்கார்ந்து, கடைசிவரை உள்ளே வரவில்லை. ஸ்திரீபார்ட் அம்மா முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டார். நான் மட்டும் டி.வி.க்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு அந்த இரத்தத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் மேடையில் இரத்தம் என்றால் ஆரத்திக் கரைசல்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். கொஞ்சம் குங்குமமும் சேர்ப்போம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது போதும். கிட்டே பார்த்தால் சர்பத். உடம்பில் ஊற்றியதும் ஓடிவிடும், பின்னால் இருக்கும் தோல் தெரியும். ‘ஈவில் டெட்’டில் ஓடிய இரத்தம் அப்படி இல்லை. கனமாக இருந்தது, சுவரில் மெதுவாக இறங்கியது, பின்னால் இருப்பதை மறைத்தது. பல ஆண்டுகள் கழித்துத்தான் செய்முறை தெரிந்தது. சோளப் பாகு, சிவப்பு நிறச் சாயம், அதோடு காபியில் பாலுக்குப் பதிலாகக் கலக்கும் வெள்ளைப் பொடி. சூட்சுமம் அந்த வெள்ளைப் பொடியில் இருக்கிறது. பாகின் கண்ணாடித் தன்மையை அது கெடுத்து, இரத்தத்துக்கு ஓர் உடம்பைக் கொடுக்கிறது. மூன்றும் மளிகைக் கடைச் சாமான். இதற்குப் பணம் தேவைப்படவில்லை. வெறும் பாகு வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று யாரோ கையில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கவனத்துக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

அடுத்த மாதமே நானும் செய்து பார்த்தேன். சர்க்கரைப் பாகைக் கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கி, கேசரிப் பவுடரும் கொஞ்சம் மைதாவும் கரைத்தேன். பிரகலாதன் நாடகத்தில் இரணியன் வயிற்றில் ஊற்றியபோது முன் வரிசைப் பெண்கள் அலறினார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் எறும்பு வந்துவிட்டது. செத்துக் கிடக்க வேண்டிய இரணியன் விரலைக்கூட அசைக்காமல் கடிவாங்கிக் கிடந்தார். திரை விழுந்ததும் அவர் முதுகைத் துடைத்துவிட்டபோது எனக்கு அழுகை வந்தது. பார்க்கிறவர் மிரளும் ஒரு காட்சிக்குப் பின்னால் ஒரு நடிகரின் தோல் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் முழுதாக உணர்ந்தேன். ஆஷாக நடித்த ப்ரூஸ் கேம்பலின் சட்டையும் அப்படித்தான். பாகில் ஊறி, நெருப்பருகே காயவைத்ததில் பலகைபோல் விறைத்து, போடப் போனபோது உடைந்தே போனதாம். நான் அதை அப்படியே நம்புகிறேன்.

படம் எடுத்தவர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். இயக்குநர் சாம் ரைமிக்குப் படப்பிடிப்பு தொடங்கியபோது வயது இருபதுதான். அவரும் தயாரிப்பாளர் ராபர்ட் டேப்பர்ட்டும் கேம்பலும் மிச்சிகன் மாநிலத்து நண்பர்கள். 1978-இல் சுமார் 1,600 டாலர் செலவில் ஒரு குறும்படம் எடுத்து, அதைக் காட்டியே உள்ளூர்ப் பல் மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் பணம் திரட்டினார்கள். 1979 நவம்பரில் டென்னசி மாநிலம் மோரிஸ்டவுன் அருகே, குழாய் வசதிகூட இல்லாத ஒரு பாழடைந்த மரவீட்டில் வேலை தொடங்கியது. மொத்தச் செலவு ஏறத்தாழ 3,75,000 டாலர். 16 மி.மீ. பிலிமில் எடுத்து, பிறகு 35 மி.மீ.க்குப் பெரிதாக்கினார்கள். 1981 அக்டோபரில் டெட்ராய்ட்டில் முதல் காட்சி. திகில் கதை எழுத்தாளர் ஸ்டீபன் கிங் பாராட்டி எழுதிய பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. பிரிட்டனில் கடைகளிலிருந்து போலீசார் கசெட்டைப் பறிமுதல் செய்த கதை தனி.

பிலிமைப் பெரிதாக்கியதால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிகின்றன. இது பணம் இல்லாத குறைதான். ஆனால் இந்தக் கதைக்கு அது உதவியிருக்கிறது. தெளிவான படத்தில் ரப்பர் தோலின் ஓரம் காட்டிக்கொடுத்திருக்கும். புள்ளி அதை மூடிவிட்டது. அதேபோல, காட்டுக்குள் எதுவோ பாய்ந்து வருகிற காட்சிகள். கேமராவைச் சீராகத் தாங்கும் கருவியை அமர்த்த வசதி இல்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவைப் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இருவர் ஓடினார்கள். அந்தப் பேய்க்கு உருவமே இல்லை. நாம்தான் அதன் கண்ணாக ஓடுகிறோம். பேய்க்கு முகம் செய்யக் காசு இருந்திருந்தால் அதற்கு ஒரு முகம் கொடுத்துப் பாழாக்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டது ஊஞ்சலை. ஐந்து இளைஞர்களும் அந்த மரவீட்டுக்கு வந்து இறங்குகிறார்கள். வாசல் தாழ்வாரத்தில் ஒரு ஊஞ்சல் தானாக ஆடி, சுவரில் மோதுகிறது. டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். ஸ்காட் என்பவன் மட்டும் வாசலை நோக்கி நடக்கிறான். யாரும் பேசவில்லை. அவன் நிலைக்கு மேலே துழாவிச் சாவியை எடுக்கிற அந்த நொடியில் ஊஞ்சல் நின்றுவிடுகிறது. இரத்தம் இல்லை, பிணம் இல்லை, ஒரு பலகையும் இரண்டு சங்கிலியும்தான். வீடு இவர்களுக்காகக் காத்திருந்தது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? எங்கள் ஆர்மோனியக்காரர் அந்த இடத்தில் என் தொடையைப் பிடித்துக்கொண்டார். தாளம் நிற்கும்போது வரும் பயம் அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று பென்சில். படத்தில் கோடாரி இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, தலை துண்டாகிறது. முப்பது ஆண்டு கழித்து அன்று உடன் பார்த்தவர்களிடம் கேட்டால் ‘அந்தப் பென்சில்’ என்பார்கள். பேய் பிடித்த ஆஷின் சகோதரி செரில், அவன் காதலி லிண்டாவின் கணுக்காலில் ஒரு சாதாரணப் பென்சிலைக் குத்தித் திருகுகிறாள். தலை துண்டாவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. பென்சில் முனை குத்தினால் எப்படி இருக்கும் என்று பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும். பார்க்கிறவர் உடம்பில் ஏற்கனவே இருக்கிற வலியைத் தொட்டு எழுப்பிய இடம் அது.

ஒப்பனை என்று பார்த்தால், டாம் சல்லிவன் செய்ததில் எனக்குப் பிடித்தது லிண்டாவின் முகம். மற்றவர்கள் முகமெல்லாம் வெடித்தும் அழுகியும் இருக்க, இவள் மட்டும் வெளுத்துப்போன பொம்மைபோல் வாசற்படியருகே சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தை மாதிரி ராகம் போட்டு மிரட்டிச் சிரிக்கிறாள். செலவு குறைந்த வேஷம் அதுதான்; பயமும் அதில்தான் அதிகம். அதற்கு மாறாக, கடைசியில் பிணங்கள் உருகிச் சரிகிற பகுதி பாராட்டப்படுகிற அளவுக்கு எனக்குப் பிடிக்கவில்லை. களிமண் உருவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்திருக்கிறார்கள். உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதுவரை மனிதர்களாக இருந்தவை திடீரென்று பொம்மைகளாகிவிடுகின்றன. அதைவிட, பாதாள அறையில் மின்விளக்குக் குமிழுக்குள் இரத்தம் நிறைந்து வெளிச்சமே சிவந்துபோகிறதே, அந்த எளிய தந்திரம் எத்தனையோ மேல்.

நடிப்பு சுமார். வசனம் அதைவிடச் சுமார். கேம்பலை மட்டும் விலக்குகிறேன். பாதிப் படம் தனியாளாக முகத்தை வைத்துக்கொண்டே தாங்குகிறார். படப்பிடிப்பு நீண்டுகொண்டே போனதால் நடிகர்கள் ஊருக்குக் கிளம்பிவிட, மீதிக் காட்சிகளில் நண்பர்களின் கையும் காலும் முதுகும் நடித்தன. இதெல்லாம் பணம் இல்லாத குறை. எந்த மேடைக் கலைஞனும் மன்னிப்பான், நானும் மன்னிக்கிறேன்.

மன்னிக்க முடியாதது வேறு. காட்டுக்குள் தனியாகப் போகிற செரிலை மரக்கிளைகளும் கொடிகளும் பிடித்து இழுத்து, அவள்மேல் பாலியல் வன்கொடுமை நிகழ்த்துகிற காட்சி. இதைக் கட்டுரையாளர் ‘துணிச்சல்’ என்று ஒரே சொல்லில் எழுதிப் போய்விட்டார். காடு உயிரோடு இருக்கிறது, அது இவர்களை வெளியே விடாது என்பதைச் சொல்லக் கொடிகள் அவள் காலைச் சுற்றிப் பிடிப்பதே போதும். அதற்கு மேல் இருப்பது கதைக்குத் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணின் உடம்பை வேடிக்கைப் பொருளாக்குவதற்கு மட்டுமே இருக்கிறது. ரைமியே பின்னாளில் அது தேவையற்ற கொடூரம் என்று வருந்தியிருக்கிறார். அதைச் சேர்க்கத்தான் பிலிம் செலவானது. வெட்டியிருந்தால் காசு மிச்சம். ஆகவே இது பட்ஜெட்டின் குறை இல்லை, யோசிக்காததன் குறை. படத்தில் முதலில் பேய் பிடிப்பது வரிசையாக மூன்று பெண்களுக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்களைப் பற்றிக் கடைசிவரை நமக்கு எதுவும் தெரியாது. யார் என்ன படிக்கிறார்கள், எதற்குச் சிரிப்பார்கள், எதுவும் தெரியாது. பேய் பிடிப்பதற்கு முன்னால் யாராக இருந்தாள் என்று தெரிந்தால்தானே, பிடித்த பிறகு யார் காணாமல் போனாள் என்று நெஞ்சு பதறும்?

இதே பஞ்சத்தில் வளர்ந்த இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜார்ஜ் ரொமேரோ பென்சில்வேனியாவில் எடுத்து 1968-இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. ஏறத்தாழ 1,14,000 டாலர்தான் செலவு. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சாக்லேட் பாகே போதுமானதாக இருந்தது. அங்கேயும் ஒரு வீடு, வெளியே எழுந்து வரும் பிணங்கள். ஆனால் வீட்டுக்குள் அடைபட்டவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோபம், ஒரு பிடிவாதம் இருக்கிறது. பாதாள அறையில் ஒளிவதா, மேலேயே நின்று எதிர்ப்பதா என்று சண்டை போடுகிறார்கள். இரவு முழுக்கப் போராடித் தப்பித்த கறுப்பின நாயகனை, விடிந்ததும் பிணம் என்று நினைத்துக் காப்பாற்ற வந்தவர்களே சுட்டுவிடுகிறார்கள். காகிதத்தில் எழுதுவதற்கு டாலர் செலவாகாது. ரைமியின் படத்தைவிடக் குறைந்த காசில் மனிதர்களை எழுத முடிந்திருக்கிறது.

இன்னும் ஒரு செலவு யார் கணக்கிலும் வரவில்லை. பேய் பிடித்தவர்களின் வெள்ளைக் கண்களுக்கு அந்தக் காலத்துத் தடித்த லென்சுகளை மாட்டினார்கள். மாட்டவே பத்து நிமிடம். கண்ணுக்குக் காற்றுப் படாததால் கால் மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. மாட்டியபின் எதுவும் தெரியாது. குருட்டு நடையில்தான் பாய்ந்தார்கள், விழுந்தார்கள். லிண்டாவாக நடித்த பெட்ஸி பேக்கரின் முகமூடியைக் கழற்றும்போது இமை முடிகள் பிய்ந்து வந்துவிட்டன. இந்தச் செய்தியை ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒப்பனைக்காரனுக்கு இது பெருமை இல்லை. இமையில் தடவ ஒரு டப்பா வாஸ்லினும், கழற்றும்போது கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அந்த முடி பிய்ந்திருக்காது. 3,75,000 டாலர் என்று எழுதுகிறோமே, அதில் சேராத தொகை இது. அதை அந்தப் பெண் கொடுத்தாள்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் எங்கள் ஊர்க் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். இருபது நிமிடக் குறும்படம் எடுக்கிறார்களாம். கண்மாய்க் கரையில் புதைக்கப்பட்டவன் அரிவாளோடு எழுந்து வருகிறான். கையில் நாற்பதாயிரம் ரூபாய். கதையைப் படித்துக் காட்டினார்கள். செத்தவன் எழுந்து நடப்பதற்கு முன்னால் கண்மாய்த் தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துவதை நிறுத்துகின்றன என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனிடமே சொன்னேன், இதைக் கெடுத்துவிடாதே என்று. ஆனால் கொல்லப்படுகிற பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. கேட்டதற்கு, “பட்ஜெட் படம்தானே ஐயா, இவ்வளவு போதும்” என்றார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் நேராகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைப் பூசி அச்செடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். ‘ஈவில் டெட்’ காலத்தில் இதைவிடக் கஷ்டப்பட்டார்களாம், எங்கேயோ படித்திருக்கிறார்கள்.

பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும். வெறும் முகத்தில் பூசினால் தோல் கன்றிவிடும். இமையும் புருவமும் அதில் சிக்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். பல் அச்செடுக்கப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் குளிர்ந்த பசை இருக்கிறது. அதை முகத்தில் முதலில் பூசி, பிளாஸ்டர் துணியை அதன்மேல்தான் போட வேண்டும். மூக்குத் துவாரத்தை அடைக்கவே கூடாது. அச்சு இறுகும் வரை பக்கத்தில் ஒருவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு முட்டினால் அவள் விரலால் அழுத்துவாள், உடனே கழற்ற வேண்டும். நாற்பதாயிரத்தில் இதற்கு இரண்டாயிரம்கூட ஆகாது. தம்பிகள் இதையெல்லாம் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும், இறப்பதற்கு முன் கண்மாயில் மாட்டைக் குளிப்பாட்டுகிற ஒரு காட்சியும் எழுதிக்கொண்டு வந்தால் ஒப்பனைக்குச் சம்பளம் வேண்டாம் என்றேன்.

நேற்று எழுதிக்கொண்டு வந்து காட்டினார்கள். நன்றாக வந்திருக்கிறது. மாட்டோடு அவள் பேசுகிறாள்.

கட்டுரையாளர் அடுத்த முறை இப்படிப்பட்ட படங்களைப் பற்றி எழுதும்போது, எது காசில்லாமல் கெட்டது, எது கவனமில்லாமல் கெட்டது என்று பிரித்து எழுதும்படி தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாதிரிப் பிள்ளைகள் உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் கொண்டுவந்த கோப்பில் அந்தக் கட்டுரையும் இருந்தது.

நடிக்கப்போகிற பெண் நர்சிங் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அச்செடுக்க வரச் சொல்லியிருக்கிறேன், அவளுடைய அம்மாவையும் அழைத்துக்கொண்டு. வாஸ்லின் வாங்கி வைத்துவிட்டேன். பசைதான் திருச்சியிலிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நாடக ஒப்பனைக் கலைஞர்,
புதுக்கோட்டை.